கிண்ணங்களில் உப்பு இல்லை

உப்புக் காற்றில் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்று இந்தத் தீவில் எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒன்றும் கெடாது. துணி போட்டு மூடி, அவ்வப்போது தூசி தட்டினால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பாம்பன் தகவல் மையத்தின் கம்ப்யூட்டர் ஆரம்பத்திலிருந்தே என் கையில்தான் இருக்கிறது. நீங்கள்தான் கழற்றிப் பார்த்தீர்களே, ஒரு திருகாணியாவது துருப்பிடித்திருந்ததா?

விசாரணை அறிக்கையில் கையெழுத்துக் கேட்கிறீர்கள், ஐயா. போடுகிறேன். மையத்தை நடத்தும் அறக்கட்டளை உங்களை அனுப்பியிருக்கிறது, நீங்களும் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறீர்கள். ஓர் இடத்தில் மட்டும் பிழை. காற்றுமானியின் சுழலும் கிண்ணங்களில் உப்பு இறுகிப்போனதால் கருவி காற்றின் வேகத்தைக் குறைத்துக் காட்டியது, அதனால் அபாயச் சங்கு ஊதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிண்ணங்களை வாரந்தோறும் கம்பத்தில் ஏறி நல்ல தண்ணீர் தொட்டுத் துடைத்தவன் நான். பாம்பனில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். குடிக்க வைத்திருந்ததில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்த் துடைப்பேன். அதில் உப்பு இருந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. யேசுதாஸின் படகு திரும்பாத அன்றுகூட நான் சாப்பிட்டேன்.

அதனால் நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான். சுனாமிக்கு அடுத்த வருடம் இந்த மையத்தைத் தொடங்கியபோது, டிப்ளமோ முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த என்னைச் சண்முகவள்ளி மேடம் கூப்பிட்டார். அவர்தான் மையத்தின் பொறுப்பாளர். ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் போடலாம் என்று நான் சொன்னேன். இலவசம் என்றதும் மேடத்துக்குப் பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கெல்லாம் அதில் ஒரு நியாயம் உண்டு. நியாயமாக நடந்துகொள்ளும் பொருள் ஒன்று கையில் கிடைத்தால் அதை விட்டுவிட எனக்கு மனசு வராது.

பாம்பன் தெற்குக் கரைக்காரர்களுக்கு ஒரு தொல்லை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வடக்கிலிருந்து வரும். தென்னையும் பனையும் வீடுகளும் மறைத்துக்கொள்வதால் தெற்குக் கரையில் நிற்பவருக்கு அது தெரியாது. கடல் கண்மாய்போலக் கிடக்கும். கொஞ்ச தூரம் உள்ளே போன பிறகுதான் காற்று பிடிக்கும். பிடித்தால் கரையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டே போகும், திரும்புவதானால் காற்றுக்கு எதிரே வர வேண்டும். நாட்டுப்படகின் சின்ன எஞ்சினுக்கு அது ஆகிற காரியமில்லை.

முன்பெல்லாம் படகு இறக்குமுன் யாராவது ஒருவர் வடக்குக் கரைவரை நடந்துபோய்ப் பாலத்தடியில் நின்று வாடையைப் பார்த்துவிட்டு வருவாராம். நாங்கள் வந்ததும் அந்த நடையை மிச்சப்படுத்தினோம். வடக்குக் கரையில் கம்பம் நட்டு, திசையும் வேகமும் வெப்பமும் அளக்கும் காற்றுமானி வைத்தோம். அங்கிருந்து கேபிள் இழுத்து, தெற்குக் கரையில் இருக்கும் மையத்தின் கம்ப்யூட்டரில் ஓர் அட்டையில் சொருகினோம். காற்றின் வேகம் நாற்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் கூரைமேல் இருக்கும் சங்கு தானாக ஊதும். ஊதினால் ஒரு படகும் இறங்காது. நன்றாக ஓடியது.

ஆனால் கொஞ்ச நாளிலேயே ஊர் ஒரு தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டது. சங்கு ஊதினால் போகாதே என்பதுதான் நாங்கள் சொன்னது. ஊதாவிட்டால் போ என்று அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். வடக்குக் கரைக்கு நடப்பது நின்றுபோயிற்று. சங்கு பழுதாகவும் கூடும், ஊதாமல் இருப்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று கூட்டத்தில் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். யேசுதாஸ் எழுந்து, "கம்மாய்க்காரரே, ஒங்க கம்மாயில எத்தனை அடி அலை அடிக்கும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் சரியாகச் சொன்ன ஒன்றுக்குச் சிரிப்புத்தான் பதில் என்பது அன்றைக்கு ஆரம்பித்தது.

இப்போது ஹெட்டருக்கு வருகிறேன். இது புரியாவிட்டால் மற்றது புரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் கெர்னல் என்பது அடியில் இருந்துகொண்டு கருவிகளோடு பேசும் பகுதி. நாம் எழுதும் நிரல்கள் சி லைப்ரரி என்ற ஒன்றின் துணையோடு அதனிடம் கேட்டு வாங்கும். எந்தத் தகவல் எந்த வரிசையில் வரும் என்று இரு தரப்புக்கும் பொதுவாக எழுதி வைத்த கோப்புகள்தான் ஹெட்டர்கள். ஹெட்டர் ஒரு வேலையும் செய்யாது. சொல்லும், அவ்வளவுதான். ஏலக்கூடத்துக்கு மூடிய பெட்டிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டி நண்டு, இரண்டாவது இறால், மூன்றாவது சூடை என்று பேச்சு. வாங்குகிறவர் மூடியைத் திறக்காமல் இரண்டாவதை இறால் என்று தூக்கிக்கொண்டு போவார். அனுப்புகிறவர் வரிசையை மாற்றினால் வாங்குகிறவருக்கும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இவர் வேறு எதையோ இறால் என்று நம்பிக் கொண்டுபோய் வைப்பார்.

ஹெட்டர்களில் இரண்டு தொகுப்பு உண்டு. ஒன்று கெர்னலின் மூலநிரலோடு வருவது. இன்னொன்று சி லைப்ரரியைக் கட்டியபோது அதற்கு ஏற்றாற்போல் எடுத்து வைத்தது. நிரல்களைக் கம்பைல் செய்ய, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்ற, இரண்டாவதைத்தான் பயன்படுத்த வேண்டும். கெர்னலை மாற்றினாலும் அதைத் தொடக் கூடாது. காற்றுமானி அட்டைக்கான ஹெட்டரையும், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து அந்த இரண்டாவது தொகுப்பிலேயே வைத்திருந்தேன். அவசரக்காரர்கள் ஒன்று செய்வார்கள். இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் புதுக் கெர்னலின் மூலநிரலைக் காட்டும்படி ஒரு லிங்க் வைத்துவிடுவார்கள். லிங்க் என்றால் கைகாட்டிப் பலகை மாதிரி. அப்போதைக்கு வேலை நடக்கும். பிறகு கெர்னல் ஒரு பக்கம் இருக்கும், பலகை இன்னொரு பக்கம் கைகாட்டிக்கொண்டு நிற்கும்.

அப்படிப்பட்ட அவசரக்காரன் எட்வர்ட்.

எட்வர்ட் யேசுதாஸின் தம்பி. மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன், இருபத்துமூன்று வயது. மையத்தின் இரண்டாம் வருடம் மேடம் அவனை எனக்குத் துணையாகச் சேர்த்தார். நல்ல பிள்ளை. யாரையும் கடிந்து பேசத் தெரியாது. அதுவரை ஒலிபெருக்கியில் காற்று விவரத்தை நான் வாசித்தேன். அவன் வந்ததும் அது அவனுக்குப் போயிற்று. நான் 'வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு முப்பது கிலோமீட்டர்' என்று படித்ததை அவன், "வாடை இன்னைக்கு முப்பது, கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு, மாமாமாரெல்லாம் பாத்துப் போங்க" என்று சொல்வான். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எனக்கு அதில் பொறாமை இல்லை. அவன் சொன்ன அந்த முப்பது எங்கிருந்து வருகிறது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம் என்றுதான் தோன்றும்.

அவன் ஒரு புதுக் கெர்னலை இறக்கிப் போட்டான். கூடவே அந்த லிங்க்கையும் வைத்தான். புதுக் கெர்னலில் எங்கள் நெட்வொர்க் அட்டை வேலை செய்யவில்லை, அதனால் பழைய கெர்னலுக்கே திரும்பினான். லிங்க்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், இப்படி நடந்தால் தடுக்கவென்றே காற்று நிரலில் நான் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். நிரல் தொடங்கும்போது, உன்னிடம் இருக்கும் வரிசையும் என்னிடம் இருக்கும் வரிசையும் ஒன்றுதானா என்று அது கெர்னலைக் கேட்கும். இல்லை என்றால் நின்றுவிடும். எட்வர்ட் நிரலில் ஏதோ சின்ன மாற்றம் செய்து, கம்பைல் செய்து ஓடவிட்டபோது அந்த வரி நிறுத்திவிட்டது. என்னைக் கூப்பிட்டான். உட்கார வைத்து, பெட்டிக் கதை முதல் எல்லாம் சொல்லி, லிங்க்கை எடுத்து, ஹெட்டர்களை அதனதன் இடத்தில் வைத்துக் கொடுத்தேன். சரிண்ணே என்றான்.

அடுத்த முறை எதையோ சோதிக்கப் போய் மறுபடி லிங்க் வைத்தான். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தான். கரடியாகக் கத்தினேன் என்று சொல்லலாம், ஆனால் நான் கத்துகிறவன் இல்லை. ஒவ்வொரு தடவையும் நிதானமாகத்தான் சொன்னேன். ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டே, "அண்ணே, ஹெட்டரு ஹெட்டருன்னு உசுர வாங்காதீக" என்றான். அதிலிருந்து எனக்கு 'ஹெட்டர் அண்ணே' என்று பெயர் வந்தது. தெற்குத் தெருவில் ஹெட்டர் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மேடத்திடம் போனேன். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இப்ப ஓடுதுல்ல பால்சாமி? ஓடுறத ஏன் நோண்டிக்கிட்டு இருக்கீங்க?"

நான் பார்த்துக்கொள்வதால்தான் ஓடுகிறது என்று சொன்னேன். அப்படியென்றால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன பேசுவது? இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், ஐயா. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒன்றும் நடக்காததால் நான் வேலை செய்வதே யாருக்கும் தெரியவில்லை. நாள் முழுக்க எரிச்சலோடு உட்கார்ந்திருப்பேன். நெஞ்சுக்குள் ஏதோ எரிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் குடித்தாலும் அடங்காது. தப்புச் செய்கிறவன் சிரித்துக்கொண்டு போகிறான், அதைப் பின்னால் நின்று துடைக்கிறவன் கேலிப் பொருளாகிறான். இது எந்த ஊர் நியாயம் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் இரண்டு காரியம் செய்தேன். லிங்க்கை எடுப்பதை நிறுத்திவிட்டேன். நிரலிலிருந்து அந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டேன்.

அது என் வரி. யாரும் கேட்டு எழுதியதில்லை, எழுதியதற்கு யாரும் நல்ல வார்த்தை சொன்னதுமில்லை. என் பொருளை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். நிரலில் எதையும் கெடுக்கவில்லை, புதிதாக எதையும் சேர்க்கவில்லை. மறுவாரம் எட்வர்ட் ஏதோ திருத்தம் செய்து, வழக்கம்போல் லிங்க் அப்படியே இருக்க, கம்பைல் செய்தான். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. "பாத்தீகளாண்ணே, ஒண்ணும் ஆகல" என்றான். பார்த்தேன் என்றேன்.

என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். பழைய கெர்னல் அனுப்பும் வரிசை இது: திசை, காற்றின் வேகம், வெப்பம். புதுக் கெர்னலில் இரண்டாவதாகக் கருவியின் நிலை என்று ஒரு புதுப் பெட்டியைச் சேர்த்திருந்தார்கள். அதனால் வேகம் மூன்றாவதாகப் போயிற்று. எட்வர்டின் லிங்க் புது வரிசையைச் சொன்னது. ஓடியதோ பழைய கெர்னல். நிரல் மூன்றாவது பெட்டியை எடுத்துக் காற்றின் வேகம் என்று திரையில் போட்டது. அந்தப் பெட்டியில் இருந்தது வெப்பம்.

பாம்பனில் வெப்பம் எவ்வளவு இருக்கும்? இருபத்தெட்டு, முப்பது. காற்றின் வேகம் இருபத்தெட்டு, முப்பது என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. திசை முதல் பெட்டி என்பதால் அது சரியாகவே காட்டியது. எட்வர்ட் தினமும் வெயிலை வாசித்தான், ஊர் அதைக் காற்று என்று கேட்டுக்கொண்டது. சொல்லக் கூடாதுதான், ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது. யாராவது கவனிப்பார்கள் என்று காத்திருந்தேன். இந்தக் காற்று மதியம் ஏறுகிறது, சாயங்காலம் இறங்குகிறது, எல்லா நாளும் ஒன்றுபோலவே இருக்கிறது, இது என்ன காற்று என்று ஒருவர் கேட்டால் போதும், நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. இனி இந்தத் தீவின் வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால்தான் சங்கு ஊதும் என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

பழைய நிரலின் பிரதி ஒன்றை, சரியாகக் கம்பைல் ஆனதை, தனியாக வைத்திருந்தேன். ஒருநாள் நிரூபிக்க வேண்டி வரும் அல்லவா.

அந்த நாள் ஐப்பசிக் கடைசியில் வந்தது. விசைப்படகுகள் போகாத நாள், அதாவது நாட்டுப்படகுகளின் நாள். புயல் எதுவும் இல்லாததால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டும் ஏற்றவில்லை. வாடை மட்டும் விடிந்ததிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. மேடம் வரவில்லை. எட்வர்ட் புது நெட்வொர்க் அட்டை வாங்க ராமநாதபுரம் போயிருந்தான். நான் திரையில் இரண்டு சன்னல்களைப் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்தேன். இடது பக்கம் சங்கோடு இணைந்திருந்த எட்வர்டின் நிரல், வலது பக்கம் என்னுடையது. வலதில் முப்பத்தெட்டு என்று இருந்தது நாற்பத்தேழு ஆனது, பிறகு ஐம்பத்திரண்டு ஆனது. வடக்கே மேகம் மூடிக் குளிர்ந்துகொண்டு வந்ததால் இடதில் இருபத்தெட்டு என்று இருந்தது இருபத்தைந்துக்கு இறங்கியது. காற்று ஏற ஏற அவன் நிரல் காற்று குறைகிறது என்றது. இவ்வளவு சுத்தமாக ஒரு தவறு வெளிப்பட்டு நான் பார்த்ததில்லை. எட்வர்டை இந்த நாற்காலியில் உட்கார வைத்து இதைக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்போதுதான் அற்புதம்மாள் வந்தார். யேசுதாஸின் மனைவி. அவருடைய தம்பி சகாயமும் யேசுதாஸின் படகில்தான் போவான். கருவாடு காயப்போட்டுவிட்டு வருகிற வழியில் தினமும் வாசலில் நின்று காற்றைக் கேட்டுவிட்டுப் போவார். ஊரில் என்னை ஹெட்டர் என்று கூப்பிடாதவர் அவர் ஒருவர்தான்.

"கடல் தெளிஞ்சு கெடக்குண்ணே. அவுகளும் என் தம்பியும் வலைய ஏத்திட்டாக. காத்து எப்புடி இருக்கு?"

திரையில் போட்டிருப்பதுதான் என்றேன். எனக்கு அது படிக்கத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

"இருபத்தஞ்சுன்னு காட்டுதும்மா."

நான் பொய் சொல்லவில்லை. அது இருபத்தைந்து என்றுதான் காட்டியது.

"நேத்தைவிடக் கம்மியா இருக்கே. அப்பச் சரிண்ணே, போகச் சொல்றேன்" என்றார். தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாட்டை எப்போதும்போல மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சங்குக்குக் கைச்சுவிட்சு ஒன்றும் உண்டு. என் மேசைக்கு அடியில், வலது கை எட்டும் இடத்தில் இருக்கிறது. அதை நான் மறந்துவிடவில்லை. யோசித்துத்தான் பார்த்தேன். அழுத்தினால் சங்கு ஊதும், படகுகள் இறங்காது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கும் ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றும் நடக்காவிட்டால் எட்வர்ட் என்ன சொல்வான்? பாத்தீகளாண்ணே, ஒண்ணும் ஆகல என்பான். மேடம், ஓடுதுல்ல பால்சாமி என்பார். நான் மறுபடி லிங்க்கை எடுத்துக்கொண்டும், கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டும், ஹெட்டர் அண்ணனாக இருந்துகொண்டும் காலத்தைத் தள்ள வேண்டும். எட்வர்ட் எப்படியும் மதியத்துக்குள் வந்துவிடுவான், அவன் வந்து இரண்டு சன்னல்களையும் பார்த்ததும் அவன் கையாலேயே சுவிட்சை அழுத்தட்டும் என்று முடிவு செய்தேன். அதுதான் முறை என்று பட்டது.

மையத்தின் சன்னல் வழியாகப் படகுகள் போவது தெரிந்தது. யேசுதாஸின் படகு இரண்டாவதாகப் போனது.

மதியம் அந்தக் கருவாட்டைத்தான் வறுத்துச் சாப்பிட்டேன்.

எட்வர்டின் பஸ் தாமதமாகத்தான் வந்தது. காற்றுக்காக ரயிலை மண்டபம் ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டார்கள். பஸ் பாலத்தின்மேல் ஆடி ஆடி ஊர்ந்து வந்ததாம். வடக்கே கடல் வெள்ளையாக நுரைத்துக் கிடப்பதைப் பாலத்திலிருந்து பார்த்துவிட்டு, இறங்கியதும் ஓட்டமாக ஓடிவந்தான். நான் நாற்காலியை அவனுக்காக இழுத்துப் போட்டேன். அவன் இடது பக்கச் சன்னலை ஒரு பார்வை பார்த்தான். அதில் இருபத்துநான்கு.

"பொய் சொல்லுதுண்ணே இது" என்றான்.

ஆமாம், ஏன் பொய் சொல்கிறது என்று இங்கே பார் என்று வலது பக்கச் சன்னலைக் காட்டினேன். அவன் குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டுச் சுவிட்சை அழுத்தினான். சங்கு ஊதத் தொடங்கியது. அழுத்திய கையோடு, அண்ணன் போயாச்சா என்று கேட்டான். போயாச்சு என்றேன். கரையைப் பார்த்து ஓடிவிட்டான். நான் பின்னாலேயே வாசல்வரை போய், "எட்வர்டு, ஒரு நிமிசம் இதப் பாத்துட்டுப் போ" என்று கூப்பிட்டேன். சங்குச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் கடைசிவரை வலது பக்கச் சன்னலைப் பார்க்கவே இல்லை, ஐயா. இத்தனை நாள் பொறுத்து, இவ்வளவு தெளிவாக நான் எடுத்து வைத்தும், ஒரு நிமிடம் நின்று பார்க்க அவனால் முடியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? கரையில் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. விசைப்படகுகள் தேடக் கிளம்பின. நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு அலங்கோலமாக எதற்கு வைத்திருப்பது? லிங்க்கை எடுத்தேன். ஹெட்டர்களை அதனதன் இடத்தில் வைத்தேன். என் வரியைத் திரும்ப எழுதி, கம்பைல் செய்து ஓடவிட்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நீங்கள் வந்து பார்த்தபோது நிரலில் ஒரு குறையும் இல்லாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். நிரலில் குறை இல்லை என்றதும் கருவியில் தேடினீர்கள். கம்பத்தை இறக்கியபோது கிண்ணங்களில் வெள்ளையாக ஏதோ இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். காற்று நின்ற பிறகு ஒரு வாரம் கழித்து இறக்கினால் இருக்கத்தான் செய்யும். அந்த வாரம் என்னைக் கம்பத்தில் ஏறவிட்டீர்களா?

மற்றப் படகுகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். யேசுதாஸ் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். சகாயம் கிடைக்கவில்லை. எட்வர்ட், தான் ஊரில் இல்லாததால்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறான். நான் அதை மறுத்துப் பேசவில்லை, ஒரு விதத்தில் அது சரியும்கூட. வேலையை விட்டுவிட்டான். அண்ணன் குடும்பத்துக்காக ஒரு சொந்தக்காரர் படகில் கடலுக்குப் போகிறான். அவனுக்குக் கம்ப்யூட்டரைவிட அது பொருத்தம் என்று எனக்கு எப்போதுமே ஓர் எண்ணம் உண்டு. மையத்தை முழுக்க என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஹெட்டர்களை இப்போது யாரும் தொடுவதில்லை. முதலிலிருந்தே நான் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

நேற்று அற்புதம்மாள் வந்தார். இப்போது எட்வர்டுக்காகக் காற்றைக் கேட்க வருகிறார். உங்கள் அறிக்கையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நின்றுகொண்டு காற்றைக் கேட்டார். பிறகு சொன்னார்.

"உப்புத்தான் காரணமாமேண்ணே. நீங்க எத்தனை தடவை ஏறித் தொடச்சீக, நான் பாக்கலையா? கடலுப்ப யாரு தடுக்க முடியும்? நீங்க மனசுல வச்சுக்கிறாதீக."

என்னை மன்னித்துவிட்டுப் போகிறார். எதற்கு? நான் கிண்ணத்தைச் சரியாகத் துடைக்காமல் விட்டதற்கு. அவர்கூட அதை நம்பிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் இந்த அறிக்கையை இப்படியே விட முடியாது என்று முடிவு செய்தேன்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். சங்கு தானாக ஊதாமல் செய்தது நான். காற்று ஐம்பத்திரண்டு என்று தெரிந்தும் அற்புதம்மாளிடம் இருபத்தைந்து என்று சொன்னது நான். கை எட்டும் தூரத்தில் சுவிட்சு இருந்தும் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் கிண்ணங்களில் உப்பு இல்லை. அதை மட்டும் திருத்திவிடுங்கள்.